சந்தனம் வைத்த குழல்

மக்கா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன். தோக்கு மட்டும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். பம்பாய்க்குப் போன பிறகு நீ அதைத் துப்பாக்கி என்று எழுதுகிறாய். எனக்கு இன்னும் தோக்குதான். கரமனையில் யாரிடம் கேட்டாலும் நம் வீட்டைத் தோக்கு வீடு என்றுதான் கை காட்டுவார்கள். நீ ரயில் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். கிடைத்தால் நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வா. தம்பானூர் ஸ்டேஷனுக்கு உன்னைக் கூப்பிட உன் சித்தப்பாதான் வருவார். எல்லாம் தயார் என்பார். அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்வதை நீ கேட்டிருக்க வேண்டும். என் பயம் முழுவதும் அந்த முன்பின்னில்தான் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து கோமதியை நம் வீட்டுக்கு அழைத்து வரும்போது வழக்கம் விட்டுப்போகக் கூடாது, அப்பா இல்லை என்பதற்காக வெடிச் சத்தம் இல்லாமல் அவள் படியேறக் கூடாது, தோக்கைத் துடைத்து எண்ணெய் போட்டு வை என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். உன் தாத்தா அதை வாங்கிய நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தோடுதான் வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கி, வாசலில் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் ஒட்டி நின்று, நெல் நிறைத்த நாழியை இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பான். அதற்குப் பிறகுதான் பெண் வலது காலை உள்ளே வைப்பது. நானும் அப்படித்தான் வந்தேன். வெடிக்கும்போது கூட்டத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். பெண்ணுக்கு மட்டும் முடியாது. நாழியை யார் பிடிப்பது?

உன் அப்பா கடைத் தோட்டா போட்டு அந்தத் தோக்கை வெடித்ததே இல்லை. இது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, இந்தக் கடிதத்துக்கு இதுதான் அடிமரம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பித்தளைத் தோட்டாக் கூடுகளை ஒரு டப்பா நிறைய வைத்திருப்பார். வெள்ளாயணிக் காயலுக்குத் தாரா வாத்து சுடப் போவதற்கு முந்தின நாள், அடுக்களை நடையில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, கோயில் வெடிக்காரனிடம் வாங்கிய கரிமருந்தை அளந்து போட்டு, அட்டை வைத்து இடித்து, ஈயக் குண்டு போட்டு, மேலே இன்னொரு அட்டையால் மூடுவார். நீ பக்கத்தில் இருந்து அட்டையை வட்டமாக வெட்டிக் கொடுப்பாய். அடுப்பில் தீ இருக்கிறது, இங்கே வைத்து வேண்டாம் என்று நான் புலம்பிக்கொண்டே இருப்பேன். புட்டு அவிக்கிற வேலையைப் பார் என்பார். மறுநாள் சாயங்காலம் அவர் முன்னாலும் தாராவைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நீ பின்னாலும் வருவீர்கள். உன் சட்டையெல்லாம் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அது கரிமருந்துப் புகையின் நாற்றம். அந்தச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று நீ ஒருதடவை அழுதிருக்கிறாய்.

அவர் போன பிறகு தோக்கு இருக்கிற தேக்குப் பெட்டியை ஆயுத பூஜைக்கு மட்டும் திறப்பேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அதைத் தோக்காகப் பார்த்தேன். அதுவரைக்கும் எனக்கு அது பூஜைச் சாமான். கட்டையின் அடிப்பக்கத்தைக் கரையான் அரித்திருந்தது. பிடிக்கிற கழுத்தில் விரிசல். தோட்டாவை அடிக்கிற குதிரை இரண்டும் இறுகிப்போய் அசையவில்லை. இரட்டைக் குழல் அது, எதற்குள்ளே கண் வைத்துப் பார்த்தாலும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. லைசென்ஸை உன் பெயருக்கு மாற்றி வாங்கியதோடு உன் சித்தப்பாவின் பொறுமை தீர்ந்திருந்தது. யுத்த காலத்தில் தோக்கைத் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் அலைய அவரால் முடியாது. நானே சரி செய்கிறேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது.

"மைனி, இது ஆட்டுரல் இல்ல பாத்துக்கிடுங்க. கொத்தி வச்சா அரைக்கதுக்கு."

அந்தச் சிரிப்புக்காகவே செய்தேன் என்று வைத்துக்கொள். ஆனால் தொட்ட பிறகு எனக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது, மக்கா. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? உனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வாத்தியார் வந்த காலத்தில் கதவுக்குப் பின்னால் நின்று நானும் எழுத்துக் கூட்டப் படித்தேனே, அந்தப் படிப்பு இப்போதுதான் வேலைக்கு வந்தது. மதராஸ் தோக்குக் கடைக்காரன் அப்பாவுக்கு அனுப்பிய படப் புத்தகம் பெட்டிக்கு அடியில் கிடந்தது. உன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும், எனக்குத் தெரியாது. ஓர் ஆணியைத் திருகி எடுத்தால் அதற்கு உள்ளே இன்னொரு ஆணி, அதற்கும் உள்ளே நாக்கு மாதிரி ஒரு வில். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே கோலப்பலகையில் அடுக்கி வைப்பேன். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுப்பேன். குதிரை முதல்முதலாக டக்கென்று பின்னால் போய் நின்றபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். கட்டைக்கு ஆசாரியைக் கூப்பிட்டு ஒட்டுப் போட்டு, கழுத்துக்குப் பித்தளைப் பட்டை அடித்து வாங்கினேன். அடுத்த வீட்டுக் கேசவன் நாயர் வந்து பார்த்துவிட்டு, தோக்கு புத்தன் ஆயல்லோ அம்மே, புதிசாகிவிட்டதே என்றார். அவர் காட்டு இலாகாவில் இருந்து பென்ஷன் வாங்கியவர், புலி சுட்டவர். எனக்குத் தலை நிலையில் நிற்கவில்லை.

அந்தத் தலைக்கனத்தில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். குழலின் வெளிப்பக்கம் மட்டும் கறுப்பும் பழுப்புமாக மங்கிக் கிடந்தது. விளக்குத் தேய்க்கிற கை எது மங்கியிருந்தாலும் புளியைத்தான் தேடும். ஒரு உருண்டை புளியைக் கரைத்து, உப்புக் கல் போட்டு, குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி குழலை மேலிருந்து கீழாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டுக் கழுவினேன். கழுவின பிறகு பார்த்தால் குழல் முழுக்க வரி வரியாக எழும்பி வந்திருக்கிறது. சங்குமுகத்தில் அலை வாங்கிப் போன பிறகு மணலில் கிடக்குமே, அந்த மாதிரி. கொலை செய்தவள் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் படப் புத்தகத்தில் இதே வரியோடு ஒரு படம் பார்த்த ஞாபகம் வந்தது. தேடி எடுத்துப் படித்தேன். அந்தக் காலத்தில் குழலை ஒரே இரும்பில் குடைய மாட்டார்களாம். இரும்பையும் எஃகையும் நாடாவாக்கி, சடை பின்னுகிற மாதிரி முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றிச் சுற்றி அடித்து ஒட்டுவார்களாம். அந்த ஒட்டுதான் வரியாகத் தெரிகிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், இப்படிப்பட்ட குழல் கரிமருந்துக்கு மட்டும்தான், புகையில்லாத புது மருந்துக்கு ஆகாது என்று இருந்தது. அகராதியை மூன்று தடவை புரட்டினேன். எனக்குத்தான் அர்த்தம் தப்புகிறதோ என்று. தப்பவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இடது குழலில் முன்கை பிடிக்கிற இடத்தை ஒட்டி மூன்று இடங்களில் வரியே இல்லை. அம்மைத் தழும்பு மாதிரி குழி. விரலால் தொட்டதும் புரிந்துவிட்டது. அது என் விரல் பழகிய இடம், மக்கா. ஆயுத பூஜைக்குப் பலகையில் தோக்கை எப்போதும் ஒரே மாதிரிதான் கிடத்துவோம், இடது குழல் மேலே வருகிற மாதிரி. மருமகள் குழைத்த சந்தனத்தை மூன்று பொட்டாக வைக்க வேண்டும். விஜயதசமி வரைக்கும் ஈரத்தோடு அப்படியே இருக்கும். பூஜைச் சந்தனத்தைச் சுரண்டக் கூடாது என்று அப்பாவும் அந்த இடத்தில் எண்ணெய்த் துணி போட மாட்டார். எனக்கு முன்னால் உன் ஆச்சி வைத்தாள், பிறகு நான் வைத்தேன். வருஷா வருஷம் நாங்கள் கும்பிட்டுக் கும்பிட்டு அந்த இடத்தை அரித்திருக்கிறோம். அப்பா போட்ட கரிமருந்துக்கு அது தாங்கியது. உன் கூட்டாளி மூலம் நீ கொடுத்தனுப்பிய சிவப்புத் தோட்டா இரண்டும் அலமாரியில் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். புது மருந்து என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். தன் அப்பா வாங்கிய தோக்கு, இத்தனை வருஷம் வெடிக்காமல் இப்போதா வெடிக்கும் என்றார். வெடிப்பதுதானே அதன் வேலை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கேசவன் நாயரை அழைத்துக்கொண்டு வந்தார். நாயர் குழலைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் பேடிக்கண்டா அம்மே. சாயிப்பின்ட நாட்டுச் சாதனமல்லே இது. நம்மளொக்கெ செத்தாலும் இது சாகாது."

வெள்ளைக்காரன் நாட்டுச் சாமான் சாகாது என்று புலி சுட்டவர் சொல்லிவிட்டார். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒரு பொம்பிளை என்ன செய்வது? நீ இங்கே இருந்திருந்தால் நீயும் மூன்றாவது ஆளாகச் சேர்ந்திருப்பாய். அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்பாய். கோயில் ஆராட்டு ஊர்வலத்தன்று தொடங்கியது அது. உனக்கு ஆறு வயசு இருக்கும். கிழக்கே கோட்டையில் அத்தனை கூட்டத்தில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் எப்படியோ பிடி விட்டுவிட்டாய். யானை போன பிறகு பார்த்தால் நீ இல்லை. ஒரு வளையல் கடைக்காரி உன்னைத் தன் பெட்டி மேல் உட்கார்த்தி வைத்திருந்தாள். "பக்கத்துல நின்னு அம்மா அம்மான்னு எத்தனை விளிச்சேன், நீ திரும்பவே இல்லையே" என்று நீ கேட்டாய். இன்று வரைக்கும் அதைக் கேட்கிறாய். கூப்பிட்டபோது திரும்பாதவள் இப்போது நிழலைக் கண்டு நடுங்குகிறாள் என்று பம்பாய் போகிற அன்றைக்குக்கூடச் சொன்னாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு அது விளையாட்டு இல்லை. அதற்குப் பதில் வைத்திருக்கிறேன், கடைசியில் வரும்.

வாயால் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது என்று ஆன பிறகு, கட்டிப்போட்டு வெடித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். இதுவும் அந்தப் படப் புத்தகத்தில் படித்ததுதான். பின்பக்கம் ஆற்றங்கரையில் துணி துவைக்கிற கல் இருக்கிறதே, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு, குழல் வானத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்துத் தோக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். விசையில் கிணற்றுக் கயிற்றின் நூலைப் பிரித்து முடிந்து, கிணற்றுச் சுவருக்குப் பின்னால் வரைக்கும் இழுத்தேன். உன் இடது கை பிடிக்க வேண்டிய இடத்தில் குழலோடு சேர்த்து ஒரு பச்சை வாழைத்தண்டு. குலை வெட்டின வாழை ஒன்று சும்மா நின்றது. அதைப் பெண் உயரத்துக்கு வெட்டி, இடது பக்கம் கோமதி நிற்க வேண்டிய இடத்தில் நட்டேன். சித்தப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாழைக்கு யாரு தாலி கட்டப் போறா, மைனி?"

"நீங்களே கெட்டிப்போட்டு, சுவத்துக்கு இங்கிட்டு வாங்க" என்றேன். வந்தார். நீ அனுப்பிய தோட்டாவில் ஒன்றை இடது குழலில் போட்டு, குதிரையைப் பின்னால் இழுத்து வைத்துவிட்டு ஓடி வந்தேன். அந்த ஓட்டத்தில் என் புடவை முள்வேலியில் கிழிந்தது. நூலை இழுத்தேன்.

அந்தச் சத்தம் அப்பாவின் சத்தம் இல்லை. வறண்ட சத்தம், பலகையை முறித்த மாதிரி. புகையே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் போயின. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தபோது தோக்கு கல்லின் மேல் அப்படியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, நான்தான் பைத்தியக்காரி என்று ஒரு நிமிஷம் நினைத்து, சந்தோஷமாகக்கூட இருந்தது. கிட்டே போனோம். சந்தனம் வைக்கிற இடத்தில் குழல் வீங்கி, வரியோடு வரியாகப் பிளந்திருந்தது, பலாச்சுளை வாயைத் திறந்த மாதிரி. கைக்குப் பதிலாகக் கட்டிய தண்டு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. நட்டு வைத்த வாழையில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா நகத்தால் நோண்டி எடுத்தார். இரும்புச் சில்லு. நெல்லை விடக் கொஞ்சம் பெரிசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வாழையிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் தோக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் தொட்ட சாதனம் மைனி. என்னைத் தொட விட மாட்டாரு."

அப்போது நான் அவரைத் தேற்றினேன். வீட்டு மானத்தை நீதான் வெடித்தாய் என்று அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் திட்டவில்லை. சாயங்காலம் முகத்தைக் கழுவி, விபூதி பூசிக்கொண்டு திரும்பி வந்தார். அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. பிளந்த இடத்தைக் காய்ச்சி ஒட்டிக் கறுப்புப் பூசிவிட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது, வலது குழலுக்குச் சந்தனமும் இல்லை குழியும் இல்லை, அதில் ஒரே ஒரு வெடி, பம்பாய்த் தோட்டா, காரியம் முடிந்தது என்றார். அது மட்டும் எந்த இரும்பு, அதே முறுக்கின குழல்தானே என்றேன். "கரமனையே காதைத் தீட்டிக்கிட்டு இருக்கு, மைனி. வெடி கேக்காம பொண்ணு எறங்கினா அண்ணன் இல்லாத வீடுன்னுதான் சொல்லுவான். எனக்குத் தாங்காது" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, மக்கா. அவர் பயமும் பயம்தான். இரண்டு பயத்தில் எது பெரிது என்று அவரும் நானும் அடித்துக்கொள்கிறோம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் குதிரை வண்டியில் உன் பக்கத்தில் உட்காரப்போவது அவர்.

வலது குழலை நான் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. அப்பாவின் டப்பாவில் ஒரு பித்தளைக் கூடும், மூடி வைத்த கரிமருந்து கொஞ்சமும் மிச்சம் இருந்தது. நீ அட்டை வெட்டியதைப் பார்த்த ஞாபகத்தில் நானே நிறைத்தேன், குண்டு இல்லாமல், மருந்தில் பாதி அளவு. மறுபடியும் கல், கயிறு, சுவர். இதமாக வெடித்தது. வெள்ளைப் புகை எழும்பி ஆற்றுப் பக்கமாகப் போயிற்று, அந்த அழுகின முட்டை நாற்றத்தோடு. குழலுக்கு ஒன்றும் இல்லை. அந்த நாற்றத்தில் நின்று அழுதேன், அது வேறு விஷயம். அதனால் வேண்டும் என்றால் அப்படி ஒன்று வெடிக்கலாம் என்று என் புத்தி சொல்கிறது. வயிறு சொல்லமாட்டேன் என்கிறது. அலமாரியில் இன்னும் ஒரு சிவப்புத் தோட்டா இருக்கிறது, உன் பெட்டியிலும் இருக்கும். பன்னீரும் சந்தனமும் சிரிப்புமாக ஆளுக்கு ஆள் தோளைத் தட்டுகிற நேரத்தில், யார் எதைக் கையில் எடுத்துக் கொடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதை நீ யோசித்திருக்கிறாயா? அப்பா போன பிறகு நான் எந்த வீட்டு வாசலிலும் சுபகாரியத்துக்கு முன்னால் நின்றதில்லை. உன் கல்யாணத்துக்கும் நிற்க முடியாது. நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்கும்போது நான் அடுக்களை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாதஸ்வரமும் குலவையும் கலந்த சத்தத்தில் அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் உனக்குக் கேட்காது. இதை நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் இல்லை. படப் புத்தகத்தைப் பார்த்து, குதிரைக்குக் கீழே தோட்டாவின் குண்டியில் குத்துகிற ஊசி இரண்டையும் திருகி எடுத்துவிட்டேன். ஊசி இல்லாவிட்டால் தோக்கு வெறும் கம்பு. இடது குழல் ஊசியைக் கரமனை ஆற்றில் போட்டேன். அதை இனி யாரும் கேட்க வேண்டாம். வலது ஊசியை எண்ணெயில் தோய்த்து, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சுசீந்திரத்துக்கு, கோமதி வீட்டுக்குப் போனேன்.

ரவிக்கை அளவு வாங்க வந்தேன் என்று அவர்கள் வீட்டில் சொன்னேன். தாலி இழந்தவள் நாள் குறித்த பெண்ணைப் பார்க்கப் போகலாமா என்று சித்தப்பா முணுமுணுத்தார்தான். பின்வாசல் வழியாகப் போனேன். உன் கோமதி கிணற்றடியில் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காப்பி போட உள்ளே போன நேரத்தில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், உனக்குச் சொன்ன அதே வரிசையில். வாழையில் சில்லு ஏறிய உயரத்தை என் கழுத்தில் தொட்டுக் காட்டினேன். பெண் பயந்து அழுவாள், கல்யாணம் வேண்டாம் என்பாள், நான் என்ன காரியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் கீரையைப் பிழிந்து தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க கல்யாணத்தன்னைக்கு அந்த வாசல்ல எந்தப் பக்கம் நின்னீங்க, அத்தை?"

"இடது பக்கம்தான் மக்களே. எல்லாரும் நிக்கிற பக்கம்."

"அப்போ தோக்கு உங்களுக்கு வலது காதுப் பக்கமால்லா இருந்திருக்கும்" என்றாள். "நீங்க வந்ததும் அந்தப் பக்கமா நின்னு ரெண்டு மட்டம் 'வாங்கத்தை'ன்னு விளிச்சேன். நீங்க திரும்பல. கோபமா இருக்கியளோன்னு பயந்துட்டேன்."

மக்கா, முப்பது வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த உன் அப்பாவுக்குத் தெரியாது. என் வயிற்றில் பிறந்த உனக்குத் தெரியாது. ரவிக்கை அளவு கொடுக்க உட்கார்ந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசலில் நாழியை ஏந்திக்கொண்டு நின்ற அன்றைக்கு எனக்கு வலது காது போயிற்று. முதலில் ஒரு இரைச்சல், ராத்திரியில் சீவிடுப் பூச்சி கத்துகிற மாதிரி. பிறகு அந்த இரைச்சல் மட்டும்தான். இன்றைக்கும் இந்தக் கடிதம் எழுதும்போதும் அது கேட்கிறது. புதுப்பெண் வீட்டுக்குள் கால் வைத்ததும் எனக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்? மூளி வந்துவிட்டாள் என்பார்கள், சகுனம் சரியில்லை என்பார்கள். நாலு நாள் போகட்டும் என்று இருந்தேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. அப்பாவை எப்போதும் என் இடது பக்கம் உட்காரச் சொல்வேன். ஆசையில் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதில் பாதி உண்மையும்கூட. ஆராட்டு அன்றைக்கு நீ என் வலது பக்கம் நின்றாய். அத்தனை விளித்தாய். அம்மா திரும்பவில்லை. இதுதான் நான் வைத்திருந்த பதில். வெடிக்கு வாங்கிய கரிமருந்தாலேயே ஒரு காது போனது என்றால், பம்பாய்த் தோட்டா பிளந்தால் என்ன போகும் என்று நீயே நினைத்துக்கொள்.

கோமதியிடம் ஊசியைக் கொடுத்தேன். வாங்கி, துணியைப் பிரித்துப் பார்த்து, இத்தனூண்டுதானா என்றாள். திரும்பச் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். உன்னிடம் எழுதிவிடுவேன் என்று சொன்னேன். எழுதுங்க என்றாள். அவன் வந்து கேட்டால் என்ன செய்வாய் என்றேன். "கேக்கட்டும் அத்தை. வாசல்ல பக்கத்துல நிக்கப் போறது நான்தானே. ஏன் எதுக்குன்னு சொல்லிக் கேட்டா குடுப்பேன்" என்றாள். அதற்குள் அவள் அம்மா காப்பியோடு வந்துவிட்டாள். அளவு நூலை எடுத்துக்கொண்டு நாங்கள் ரவிக்கை பேசினோம்.

இவ்வளவுதான் விஷயம். வெடிக்காதே என்று நான் எழுதவில்லை, கவனித்துப் பார். இனி அது உன் வீடு, உன் தோக்கு. சித்தப்பா பித்தளைக் கூட்டை நீட்டட்டும், சிவப்புத் தோட்டாவை நீட்டட்டும், நீ வேண்டாம் என்று சொல், வேண்டும் என்று சொல். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பேன். ஆனால் தோக்கைக் கையில் வாங்கின பிறகு இடது பக்கம் திரும்பாமல் நீ எதையும் செய்ய முடியாது. அதைத்தான் நான் சரிசெய்து வைத்திருக்கிறேன், மற்றதெல்லாம் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும். திரும்பி அவளிடம் கேள். கூட்டத்துக்கு நடுவில் கத்த வேண்டாம், மெல்லக் கேட்டால் போதும். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

பத்திரமாக வந்து சேர், மக்கா. வீட்டுக்கு வந்ததும் முதலில் அடுக்களைக்கு வா. வந்து என் இடது பக்கம் உட்கார்.

உன் அம்மா